கத்தும் வாசலும் முனகும் இரும்பும்

இம்முறை இப்பக்கத்தில் காந்தத்தைப் பற்றி எழுதப்போகிறோம் என்றால், "பள்ளிக்கூடத்திலையே விளங்கேல்லை, இனி எங்கை விளங்கப்போகுது" என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது ஒரு சோடிச் சிவப்புச் சப்பாத்தில் தொடங்கிய கதை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் கணவரிடம் வந்து சேர்ந்து பத்து மாதமான ஒரு சகோதரி. கணவர் உணவகத்துச் சமையலறையில் நின்றதால் அவரைப் பிடிக்க முடியவில்லையாம். "அண்ணை, ஒருக்கா உடனை வாங்கோ. என்னைக் கள்ளி எண்டு சொல்லினம்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு பெரிய கடையின் பின்பக்கத்துச் சிறிய அறையில் இருந்தார். ஐந்து வயது மகள் அவருடைய மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் அவருடைய பையைக் கொட்டி வைத்திருந்தார்கள்: பாண், பால், கரட், வெங்காயம், ஒரு சப்பாத்துப் பெட்டி. முன்னால் டொச்சில் அச்சடித்த ஒரு கடதாசியும் பேனையும். அவர் கையெழுத்து வைக்கவில்லை. "விளங்காத கடதாசியிலை கையெழுத்து வைக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே புத்தகத்திலை எழுதினீங்கள்" என்றார். நாம் எழுதுவதை யாராவது வாசிக்கிறார்களா என்று பலமுறை யோசித்ததுண்டு. அன்றைக்குப் பிறகு யோசிப்பதில்லை.

நடந்தது இதுதான். வெளியே வரும் வழியில் இரண்டு பக்கமும் தூண்போல நிற்கும் வாசலைக் கடக்கும்போது அது கூச்சல் போட்டிருக்கிறது. உள்ளே போகும் வழியில் அப்படி ஒரு வாசல் அக்கடையில் இல்லை. சாமான்களுக்கெல்லாம் பற்றுச்சீட்டு இருந்தது, சப்பாத்துக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் சப்பாத்தை அரைமணித்தியாலத்துக்கு முன் தெருவின் மறுகரையில் வேறொரு கடையில் வாங்கியிருந்தார். அந்தச் சீட்டை அந்தக் கடை வாசலிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அதைச் சொல்ல அவரிடம் டொச் இல்லை. அக்கடையிலும் சிவப்புச் சப்பாத்து விற்றார்கள் என்பது இன்னொரு தலைவிதி.

நாம் பொறுப்பாளரிடம் ஒன்றுதான் கேட்டோம். சாமான்களை ஒவ்வொன்றாக வாசலுக்குள்ளால் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றோம். பாண், பால், கரட் எல்லாம் பேசாமல் போயின. சப்பாத்துப் பெட்டியும் பேசாமல் போயிற்று. சப்பாத்தைக் கொண்டுபோனதும் கத்தியது. உள்ளே கைவிட்டுப் பார்த்தபோது, பாதம் வைக்கும் மட்டைக்குக் கீழே நாலு சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் துண்டு ஒட்டியிருந்தது. பிறகு சப்பாத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கே விற்ற பெண்ணுக்கு, சிவப்புத்தான் வேணுமென்று நிலத்தில் இருந்து அழுத பிள்ளையை நல்லாக நினைவிருந்தது. பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டுக் கைகொடுத்தார். கடதாசியைக் கிழித்துப்போடச் சொல்லி, அதை எமது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்தச் சகோதரி எந்தக் கடைக்கும் போகவில்லை. வதிவிட அனுமதிக்குப் பங்கம் வருமோ என்ற பயம் ஒருபக்கம், சனம் பார்த்த பார்வை மறுபக்கம். அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அண்ணை, அந்தச் சின்னத் துண்டுக்குள்ளை பற்றரியும் இல்லை, வயரும் இல்லை. வாசலுக்கு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. பதிலைச் சொல்ல, இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் பியர் வடிக்கும் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பிள்ளையிடம் போகவேண்டும்.

ஜேம்ஸ் பிரெஸ்கொற் யூல் என்ற பெயரை நீங்கள் அறியாமலே தினமும் பார்க்கிறீர்கள். பால் பெட்டியிலும் பிஸ்கற் பெட்டியிலும் எவ்வளவு சக்தி என்று கிலோயூலில் போட்டிருக்கிறதே, அந்த யூல் இவர்தான். 1841 இன் முடிவில் மான்செஸ்ரரில் இயந்திர வேலை செய்த ஒருவர் இவரிடம் வந்து, இரும்புக்குக் காந்தம் ஏற்றினால் அது பருக்கும் என்று நினைக்கிறேன், அதை வைத்து ஓர் இயந்திரம் செய்யலாமே என்றாராம். யூலுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் போட்டு, அதில் மின்சாரத்தை ஓடவிட்டு, கம்பியின் நுனியில் நெம்புகோல்களை இணைத்து, அசைவைப் பெருப்பித்து நுணுக்குக்காட்டியால் பார்த்தார். கம்பி உண்மையிலேயே நீண்டது. 1842 இல் இதைச் சொன்னார். 1847 இல் விரிவாக எழுதி வெளியிட்டார்.

எவ்வளவு நீண்டது? ஒரு மீற்றர் நீளமான இரும்புக் கம்பி என்று வைத்துக்கொண்டால், மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நீளாது. ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு அவர் விடவில்லை. கம்பி நீள்கிறதென்றால் பருக்கிறது என்று அர்த்தமா என்று பார்க்க, அதைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, மேலே மயிரிழை போன்ற துளையுள்ள சிறு குழாயொன்றைப் பொருத்தினார். இரும்பு பருத்தால் தண்ணீர் மேலே ஏறவேண்டும். ஏறவில்லை. நீளத்தில் கூடியது அகலத்தில் குறைந்திருந்தது. குழைத்த மாவை உருட்டினால் நீளும், மெலியும், மா கூடாது அல்லவா? அதுபோலத்தான். பாவம், இயந்திரம் செய்ய வந்தவரின் எண்ணம் பாதிதான் சரி.

ஏன் இப்படி? காந்தம் ஏறாத இரும்புத் துண்டு உண்மையில் காந்தம் இல்லாத துண்டு அல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் தனக்குள் ஒரு முழுக் காந்தம். ஒன்று வடக்கே பார்க்கும், மற்றது மேற்கே பார்க்கும், இன்னொன்று கீழே பார்க்கும். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் மொத்தத்தில் ஒன்றுமில்லை (எமது சங்கங்களின் பொதுக்கூட்டம் நினைவுக்கு வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல). இதில் முக்கியமான விஷயம், ஒவ்வொரு பகுதியும் தான் பார்க்கும் திசையில் ஒரு துளி நீண்டிருக்கும். ஒரு சுளகில் நெல் மணிகளைப் பரப்புங்கள். ஏறுமாறாகக் கிடக்கும்போது அவை பிடிக்கும் இடம் ஒரு மாதிரி. எல்லா மணிகளையும் ஒரே பக்கம் பார்க்க அடுக்கினால் வரிசை அந்தப் பக்கமாக நீளும், குறுக்கே ஒடுங்கும். வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் செய்வது அந்த அடுக்குகிற வேலையைத்தான். எல்லாம் அடுக்கி முடிந்ததும் நீளுவதும் நின்றுவிடும்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடக்காது. நிக்கல் நீளுவதற்குப் பதிலாகச் சுருங்கும். அதுவும் இரும்பு நீளுவதைவிடப் பல மடங்கு, ஒரு மீற்றரில் மில்லிமீற்றரின் நூறில் மூன்று நாலு பங்கு. இரும்பின் குணமோ இன்னும் விசித்திரம். காந்தப்புலத்தை மேலும் மேலும் பலமாக்கிக்கொண்டு போனால், முதலில் நீண்ட இரும்பு திரும்பச் சுருங்கத் தொடங்கும்.

இந்த நிக்கலை உங்களில் சிலர் வாய்க்குள்ளேயே சந்தித்திருப்பீர்கள். பல் வைத்தியர் பல்லில் படிந்த காறையை எடுக்க, கீச்சென்று சத்தம் போடும் கருவி ஒன்றை வைப்பாரே. அவற்றில் ஒரு வகையின் கைபிடிக்குள் நிக்கல் கலந்த தகடுகளை அடுக்கி, செக்கனுக்கு 25,000 தடவைக்கு மேல் நீட்டிச் சுருக்குகிறார்கள். அந்த அதிர்வுதான் நுனிக்குப் போய்க் காறையை உடைக்கிறது. பல் வைத்தியர் அனுப்பும் கணக்கைப் பார்த்து அதிர்வது வேறு விஷயம், அதை அடிப்படைக் காப்புறுதி பெரும்பாலும் தராது. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடலுக்குள் ஒலி அனுப்பிய கருவிகளிலும் நிக்கல்தான் இப்படி வேலை செய்தது. பின்னர் 1970களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் டெர்பியம், டிஸ்புரோசியம் என்ற இரண்டு அபூர்வ உலோகங்களை இரும்போடு கலந்து டெர்பினோல்-டி என்று ஒன்றை உருவாக்கினார்கள். அது ஒரு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் மேலே நீளும். இரும்போடு ஒப்பிட்டால் அது பூதம்.

இனி முனகலுக்கு வருவோம். எமது நண்பர் ஒருவரின் தகப்பனார் மூன்று வருடங்களுக்கு முன் இங்கு வந்தார். அவர்கள் இருப்பது கீழ்மாடி. நிலவறையில் மின்சாரக் கொம்பனியின் ரான்ஸ்போமர் அறை. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு, வீதி அடங்கியதும், "ம்ம்ம்" என்று ஒரு முனகல். ஐயா கட்டிலில் படுக்காமல் கதிரையில் குந்திக்கொண்டிருப்பார். மருமகள் கேட்டபோது, "அவ்ரோ தூரத்திலை சுத்துற மாதிரிக் கிடக்குது பிள்ளை" என்றாராம். யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நாம் போய் அவருக்குச் சொன்னது இது. ரான்ஸ்போமருக்குள் மெல்லிய இரும்புத் தகடுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் ஓடுவது ஆடலோட்ட மின்சாரம். இலங்கையிலும் சரி, ஐரோப்பாவிலும் சரி, அது செக்கனுக்கு 50 தடவை போய்த் திரும்பி வருகிறது. போகும்போதும் இரும்பு காந்தமாகி நீளும், திரும்பும்போதும் காந்தமாகி நீளும். இரும்புக்குத் திசை பேதம் இல்லை, எந்தப் பக்கம் காந்தம் ஏறினாலும் நீளுவதுதான் அதன் குணம். ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு தடவையாக, செக்கனுக்கு 100 தடவை தகடுகள் நீண்டு சுருங்குகின்றன. அந்த அதிர்வு காற்றில் வந்தால் முனகல். கனடாவில் மின்சாரம் 60 தடவை, அங்கே முனகல் 120. இங்கு ரயில்களுக்குத் தனி மின்சாரம், செக்கனுக்கு 16.7 தடவை. ரயில் எஞ்சினுக்குள் இருக்கும் ரான்ஸ்போமரின் இரும்பு 33 தடவைதான் நீளும்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எங்கடை சந்தி ரான்ஸ்போமரும் இதே சுருதியோ?" என்றார். ஆம், அதே 100 தான். அவர் அதைக் கேட்டு மறந்திருந்தார். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் பல வருடம் சந்தி ரான்ஸ்போமர் ஊமையாகக் கிடந்ததல்லவா. அதற்குப் பிறகு அவருடைய காதுக்குப் பழகியவை வேறு சத்தங்கள்.

விளக்கம் சொன்னவுடன் நித்திரை வந்துவிட்டது என்று கதை சொல்ல மாட்டோம். வரவில்லை. நண்பர் எந்த நாள், எத்தனை மணி, எந்த அறையில் என்று மூன்று கிழமை எழுதிவைத்து, வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டார். ஆட்கள் வந்து பார்த்தார்கள். சுவரோடும் நிலத்தோடும் இரும்பு இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் முழுக் கட்டடமும் சேர்ந்து முனகும், கீழே இறப்பர் மெத்தைகளை வைத்தால் அது குறையும். வைத்தார்கள், குறைந்தது. ஐயா இப்போது படுக்கையில் படுக்கிறார். அவர் மனதுக்குள் இருக்கும் சத்தத்துக்கு வைத்தியரிடமும் போய்வருகிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இப்படி இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.

சரி, சப்பாத்துக்குள் இருந்த துண்டு. அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் இரண்டு உலோக நாடாக்கள் இருக்கின்றன. ஒன்று ஒட்டிக் கிடக்கும் சாதாரணக் காந்த நாடா. மற்றது ஒட்டாமல், துள்ள இடம் விட்டு, தளர்வாகக் கிடக்கும் பளபளப்பான மெல்லிய நாடா. இரண்டாவதுதான் கதாநாயகன். உருகிய உலோகக் கலவையை வேகமாகச் சுழலும் குளிர்ந்த சில்லின் மேல் ஊற்றி, செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை என்ற கணக்கில் குளிரவைத்துச் செய்கிறார்கள். அணுக்களுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்க நேரம் கிடைப்பதில்லை, கண்ணாடிபோல உறைந்துவிடும். இப்படிப்பட்ட உலோகம் மிகச் சிறிய காந்தப்புலத்துக்கும் உடனே நீண்டு சுருங்கும்.

வீணைத் தந்திக்கு ஒரு சுருதி இருப்பதுபோல அந்த நாடாவுக்கும் அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு சுருதி உண்டு. செக்கனுக்கு 58,000 தடவை. மனிதக் காதுக்கு 20,000 தடவைக்கு மேல் கேட்காது என்பதால் எமக்கு ஒன்றும் தெரியாது. கடை வாசல் தூண், அதே 58,000 தடவை மாறும் காந்தப்புலத்தை ஒரு கணம் அனுப்பும். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் காதுகொடுக்கும். கோயில் காண்டாமணியை அடித்துவிட்டுக் கயிற்றை விட்டாலும் மணி கொஞ்சநேரம் இரைந்துகொண்டிருக்கும் அல்லவா? அதேபோல் நாடாவும் வாசல் ஓய்ந்தபின் சிறிதுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். நீளமாற்றத்துக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காந்தம் இரும்பை நீட்டுவதுபோல, இரும்பை இழுத்தாலும் அமுக்கினாலும் அதன் காந்தம் மாறும். இதை 1865 இல் இத்தாலியரான எமிலியோ வில்லாரி கண்டார். ஆகவே அதிரும் நாடா தன்னைச் சுற்றி மாறுகின்ற ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை வாசல் பிடித்துக்கொண்டு கத்தும். இவ்வளவும் செக்கனுக்குப் பல தடவை நடக்கிறது.

மற்ற நாடா எதற்கு? ரான்ஸ்போமர் இரும்பு 50 ஐ 100 ஆக்கியதை நினைத்துப் பாருங்கள். நாடாவும் தனியே விட்டால் இரண்டு பக்கத்துக்கும் நீண்டு, சுருதியை இரட்டிப்பாக்கிவிடும். பக்கத்தில் ஒரு நிலையான காந்தம் இருந்து எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்து வைத்திருந்தால், வாசலின் காந்தப்புலம் அந்த இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்யும். நாடா அதே சுருதியில் அதிரும். காசு வாங்குபவர் சாமானை ஒரு தட்டின் மேல் தேய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தத் தட்டு, பக்கத்து நாடாவின் காந்தத்தை அழித்துவிடும். காந்தம் போனால் சுருதி விலகும், வாசல் பேசாது. சப்பாத்துக் கடையில் அந்தப் பெண் அவசரத்தில் தேய்க்க மறந்தாரோ, மட்டைக்குக் கீழே கிடந்ததால் சரியாகப் படவில்லையோ, அவ்வளவுதான் நடந்தது. இரண்டு கடையிலும் ஒரே வகை வாசல் என்பதால், ஒரு கடையின் துண்டுக்கு மற்றக் கடை வாசல் கத்தியது.

ஆகவே வாசலுக்கு உண்மையில் தெரிவது ஒன்றே ஒன்று: 58,000 தடவை அதிரும் ஏதோ ஒன்று பக்கத்தில் போகிறது. அது காசு கொடுத்ததா, களவெடுத்ததா, யாருடையது, எந்தக் கடையுடையது, எதுவும் அதற்குத் தெரியாது. (எல்லாக் கடையிலும் இந்த வகைதான் என்றில்லை. சதுரமான கடதாசித் துண்டுக்குள் உலோகத்தாள் சுருள் வைத்தவையும் உண்டு, அவை வேலை செய்யும் விதம் வேறு.)

புதிதாக வந்தவர்கள் சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். வீடு போய்ச் சேரும்வரை ஒரு சீட்டையும் எறியவேண்டாம். புதுச் சப்பாத்து, உடுப்பு வாங்கினால் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வெள்ளைத் துண்டு இருந்தால் அங்கேயே காட்டித் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். வாசல் கத்தினால் ஓடவோ வேகமாக நடக்கவோ வேண்டாம், நின்று திரும்பிக் காசு வாங்குபவரிடமே போங்கள். சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மொழி வராவிட்டால் கையால் காட்டினாலும் விளங்கும். எந்தக் கடதாசியும் மொழி தெரிந்த ஒருவர் வரும்வரை அப்படியே கிடக்கட்டும்.

அந்தச் சகோதரி இப்போது கடைக்குப் போகிறார். முதல் நாள் எமது வீட்டு அம்மாவும் துணைக்குப் போய்வந்தார். சிவப்புச் சப்பாத்து பிள்ளைக்கு அளவில்லாமல் போய்விட்டது. துண்டை மட்டும் நாம் கேட்டு வாங்கி, தகப்பன் முன்னால் கத்தியால் பிளந்து காட்டினோம். பளபளப்பான நாடா கழன்று மேசையில் விழுந்தது. பிள்ளை அதை எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த காந்தப் பூவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அது துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது. "மாமா, இது இப்ப நீளுதோ?" என்று கேட்டாள். நீளுகிறது என்றோம். ஓர் அடிமட்டத்தைக் கொண்டுவந்து அளந்து பார்த்துவிட்டு, எம்மை நம்பாமல் போய்விட்டாள்.